பனிக்காலத்தில் தெருக் குப்பை பொறுக்கிய அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

ஊட்டி, காந்தல் பக்கம்

மூன்று வருடமாக டிசம்பர், ஜனவரி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவிலும் அதற்குக் கீழே ஓடைக்கரையிலும் குப்பை பொறுக்குகிறோம். பேனர் கிடையாது, டிஷர்ட் கிடையாது. ஐந்து பேர் வந்தால் அது நல்ல நாள்.

ஏன் குளிரில் போய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் புதருக்குள் கால் வைத்தால் அட்டை ஏறும். ஏப்ரல், மே சீசனில் காலையில் பொறுக்கிய இடம் சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும். பனியில்தான் புல் கருகிப் படுத்துக்கொள்ளும். அதுவரை உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும்.

முதல் தடவை நான் செய்த முட்டாள்தனம், காலை ஆறரைக்கு வரச் சொன்னது. உறைபனி. புல் முழுக்க உப்பு தூவினாற்போல வெள்ளை. கவர் ஒவ்வொன்றும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் பாதி கையில், பாதி மண்ணில். ரப்பர் கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அடுத்த வீட்டு அண்ணன் மப்ளரைக்கூட அவிழ்க்காமல் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "வெயில் வந்ததும் கூப்பிடு தம்பி" என்று திரும்பிப் போய்விட்டார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. இப்போதெல்லாம் ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பிக்கிறோம்.

இரண்டாவது பாடம் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கற்றது. ஏழு மூட்டை கட்டித் தெருமுனையில் வரிசையாக வைத்துவிட்டுப் பெருமையாக நின்றிருந்தோம். அக்கா ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "கண்ணு, பொறுக்கினது நல்லதுதான். ஆனா பனித்தண்ணியோட சேத்துக் கட்டி வச்சிருக்கீங்களே, இதை யாரு தூக்கி வண்டியில போடறது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எங்களுக்குத்தான் முகம் செத்துவிட்டது. கவருக்குள் உறைந்திருந்த பனி வெயிலில் உருகி, மண்ணும் சேர்ந்து, மூட்டை சிமென்ட் மூட்டை மாதிரி கனத்தது. அன்றைக்கு ஏழையும் அவிழ்த்தோம். இப்போது பொறுக்கியதை வெயில் விழும் படிக்கட்டில் பரப்பி, ஒரு மணி நேரம் விட்டு, உதறி, பிறகுதான் சாக்கில் போடுகிறோம். அந்த ஒரு மணி நேரம் டீ, வர்க்கி, ஊர்க்கதை. உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை மாநிலத்துக்கே முன்னோடி. தமிழ்நாடு முழுக்க வந்தது 2019 ஜனவரி 1 அன்றுதான். அப்படியும் ஓடைக்கரையில் அதிகம் கிடைப்பது சிப்ஸ் கவரும் ஷாம்பு பாக்கெட்டும். மது பாட்டில் மட்டும் குறைந்துவிட்டது. 2022-இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று வந்த பிறகு, நமக்கு முன்னாலேயே யாராவது சாக்கோடு வந்து போயிருப்பார்கள். நமக்கு மிஞ்சுவது மூடியும் உடைந்த சில்லும். சில்லுக்கு யாரும் 10 ரூபாய் தருவதில்லையே. அதற்கென்று பழைய பெயின்ட் டப்பா ஒன்று வைத்திருக்கிறோம். சில்லை சாக்கில் போட்டால் அந்த அக்காவின் கைதான் கிழியும்.

போன ஜனவரியில் காட்டெருமை. பனிமூட்டம் அன்று ஒன்பதரை ஆகியும் விலகவில்லை. ஓடைத் திருப்பத்தில் கரும்பாறை மாதிரி ஏதோ தெரிந்தது. பாறை மூச்சு விட்டது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை காலுறை போட்டது போன்ற அந்தக் கால்களை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டி ஆட்டி எதையோ மென்றது. வாயோரத்தில் ஒரு கவர் தொங்கியது. உப்பு ருசிக்காகவோ என்னவோ, விடாமல் மென்றது. நாங்கள் திரும்பாமல் பின்வாக்கிலேயே நடந்து மேட்டுக்கு ஏறிவிட்டோம். யாரும் போன் எடுக்கவில்லை, அவ்வளவு பயம். அது போனபின் போய்த் தேடினோம். கவர் அங்கே இல்லை.

உங்கள் ஊரில் எப்படி?

சென்னை, மயிலாப்பூர்

உங்கள் குளிர் எங்களுக்கு ஏது! மார்கழிக் காலையில் ஒரு சால்வை போதும். எங்களுக்கு இந்த மாதத்தில் வேலை இரண்டு. ஒன்று, வடகிழக்குப் பருவமழை அடித்துக்கொண்டு வந்து மழைநீர் வடிகால் வாயில் அடைத்து வைத்ததை எடுப்பது. கோலம் போட எழுந்த பெண்கள் நாலு பேர் ஆரம்பித்தது இது. வாசல் தெளிக்கும்போதே எதிரில் அந்த நாற்றம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இன்னொன்று போகி. முதல் நாள் மாலையே வீடு வீடாகப் போய் டயர், ரெக்சின், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் வாங்கி ஒரு இடத்தில் சேர்த்துவிடுவோம். 2018 போகியன்று புகையில் சென்னை விமானங்களே நின்றுபோனது நினைவிருக்கும். மூன்றாவது மாடி மாமா மட்டும் மசியவில்லை. "பழசை எரிக்காம போகியாம்மா அது?" என்றார். பேசிப் பார்த்து, பழைய பாயும் துடைப்பமும் எரிக்கலாம், மற்றதெல்லாம் எங்களிடம் என்று ஒப்பந்தம். சரி என்று தலையாட்டினார். விடியற்காலை நாலரைக்குக் கண்ணெரிச்சலில் எழுந்து எட்டிப் பார்த்தால் அவர் வீட்டு நாற்காலி நீலமாக எரிந்துகொண்டிருக்கிறது. மாமா குல்லா போட்டுக்கொண்டு பக்கத்திலேயே குளிர் காய்கிறார். என்னைப் பார்த்ததும், "ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.

கனடா, ஸ்காபரோ

ஊட்டிக்காரர் சொன்ன ஒட்டிக் கிடக்கும் கவர் இங்கே மூன்று மாதக் கதை. ரொறன்ரோவில் நகரமே கூப்பிட்டுச் செய்யும் துப்புரவு ஏப்ரலில்தான். அதுவரைக்கும் காத்திருக்க மனமில்லாமல் நாங்கள் இரண்டு குடும்பம் ஜனவரி, பெப்ரவரியில் ஸ்னோ கொஞ்சம் இளகும் நாளாகப் பார்த்து இறங்குவோம். பூச்சியத்துக்கு மேலே ஒரு பாகை ஏறினால் போதும்.

கோப்பிக் கப்புகள் எல்லாம் வீதியோரத்தில்தான். ஸ்னோ தள்ளும் வாகனம் குவித்துவிட்டுப் போகும் வரம்பில் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கும். எந்தக் கிழமை விழுந்தது என்று அடுக்கைப் பார்த்துச் சொல்லலாம் என்று என் மகள் பகிடி விடுவாள். காற்று பலமாக அடித்த நாளில் நீல மறுசுழற்சித் தொட்டி சரிந்து, ஒரு வீட்டுப் பேப்பர் ஒழுங்கை முழுக்கப் பறக்கும். முதல் வருசம் அந்த வீட்டு ஆட்களோடு சண்டைக்குப் போகத்தான் நினைத்தேன். கதவைத் தட்டினால், ஊன்றுகோலோடு ஒரு சீன அம்மா. தொட்டியை ஐஸ் மேலே இழுத்துப்போக அவவால் ஏலாது. இப்போது குப்பை எடுக்கும் நாளுக்கு முதல் இரவு என் மகன் போய் இழுத்து வைக்கிறான். அந்தப் பக்கம் பறக்கிற பேப்பர் அதோடு நின்றுவிட்டது.

கையுறை பற்றி ஒன்று: ரப்பரை மட்டும் போடாதீர்கள், குளிரில் விறைத்துவிடும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே ஒரு அளவு பெரிய ரப்பர். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மத்தியானத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஊட்டி, காந்தல் பக்கம்

உள்ளே கம்பளி யோசனைக்கு நன்றி. அண்ணனிடம் சொன்னேன், கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய கம்பளிக் கையுறை ஒன்று பெட்டிக்குள் இருப்பதாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மயிலாப்பூர் அம்மா, எங்கள் தெருவிலும் காலையில் குப்பை கூட்டி எரித்துக் குளிர் காயும் ஆள் உண்டு. எரிக்காதீர்கள் என்று எத்தனையோ முறை சொன்னோம், சட்டத்தைச் சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை. இந்த வருடம் வேறு மாதிரி: வெட்டிய சில்வர் ஓக் கிளைகளை அவர் வீட்டு வாசலில் ஒரு கட்டு போட்டுவிட்டோம். இரண்டு வாரமாக விறகுப் புகை மட்டும்தான் வருகிறது. கட்டு தீர்ந்ததும் என்ன செய்வார் என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு கட்டு தேட வேண்டும்.