ஃபேட்32 செயின்ல லூப் இருந்தா கெர்னல் ஹேங் ஆகுது, என்ன பண்ணி தடுக்கிறீங்க?

பொரிகடலை:
வணக்கம் மக்களே, பொழுதுபோக்குக்கு ஒரு சின்ன ஓஎஸ் எழுதிட்டு இருக்கேன், ஃபேட்32 (மெமரி கார்டுல வர்ற ஃபைல் சிஸ்டம்) படிக்கிற வரைக்கும் வந்தாச்சு. நல்ல இமேஜ்ல எல்லாம் சமத்தா ஓடுது. கரப்ட் ஆன கார்டு வந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னு ஹெக்ஸ் எடிட்டர்ல ஃபேட் டேபிள (ஒவ்வொரு கிளஸ்டருக்கும், அதாவது டிஸ்க்க பிரிச்ச துண்டுக்கும், அடுத்த துண்டு எதுன்னு சொல்ற பட்டியல்; இப்படி கோத்துக்கிட்டு போறதுதான் செயின்) தொறந்து 9-வது எண்ட்ரில அடுத்தது 5-னு எழுதி வச்சேன். அதாவது 5, 6, 7, 8, 9, மறுபடியும் 5. அந்த டைரக்டரி ஃபுல்லா எண்ட்ரி நிரம்பினது, நடுவுல முடிவு காட்டுற ஜீரோ எண்ட்ரி எதுவும் கிடையாது. லிஸ்ட் பண்ணச் சொன்னா திரும்பி வரவே மாட்டேங்குது, லாக்க (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் உள்ள போக விடுற பூட்டு) வேற கைல புடிச்சுக்கிட்டே சுத்துறதால மத்த ப்ராசஸும் வரிசையா நின்னு போச்சு.

போய்ட்டு வந்த கிளஸ்டரெல்லாம் பிட்மேப்ல (கிளஸ்டருக்கு ஒரு பிட்) குறிச்சுக்கலாம்னு பாத்தா, 32 ஜிபி கார்டுல 32 கேபி கிளஸ்டர்னா கிட்டத்தட்ட 10 லட்சம் கிளஸ்டர், அதுக்கே 128 கேபி பக்கம் போயிடும், என் கெர்னலுக்கு அது ரொம்ப ஓவர். காலேஜ்ல சொல்லிக் குடுத்த ஆமை முயல் அல்காரிதம் (ஒரு பாயிண்டர் மெதுவா, இன்னொண்ணு வேகமா ஓடும், ரெண்டும் சந்திச்சா லூப்) போட்டா சரியா வருமா? லினக்ஸ்ல என்ன பண்றாங்க?

பழைய_ஃப்ளாப்பி:
ஆமை முயல் வேணாம் தம்பி. முயல் டேபிள்ல எங்கயோ முன்னாடி ஓடிட்டு இருக்கும், ஆமை பின்னாடி இருக்கும், உங்ககிட்ட ஒரே ஒரு 512 பைட் பஃபர்தான் இருக்குன்னா ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் செக்டார மாத்தி மாத்தி படிச்சுட்டே இருக்கணும். லூப்ப கண்டுபிடிச்சு சரி பண்றதெல்லாம் எஃப்எஸ்சிகே (டிஸ்க்க செக் பண்ணி ரிப்பேர் பண்ற டூல்) பாத்துக்கும், டிரைவருக்கு எங்க நிறுத்தணும்னு ஒரு எல்லை தெரிஞ்சா போதும்.

டைரக்டரிக்கு அந்த எல்லை ஸ்பெக்லயே இருக்கு. அதிகபட்சம் 65,536 எண்ட்ரி, ஒண்ணு 32 பைட், ஆக 2 எம்பி. உங்க 32 கேபி கிளஸ்டருக்கு அது வெறும் 64 கிளஸ்டர்தான், 65-வது வந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு ஐஓ எரர் குடுத்து லாக்க விட்டுடுங்க. ஃபைலுக்கு எண்ட்ரில இருக்கிற சைஸ கிளஸ்டர் சைஸால வகுத்தா எல்லை கெடச்சிடும். லினக்ஸ் ஃபேட் டிரைவரும் கவுண்டர்தான் வச்சிருக்கு, ஃபைல் சைஸோட உச்ச வரம்பான 4 ஜிபிய கிளஸ்டர் சைஸால வகுத்து அதுக்கு மேல போனா செயின் லூப் ஆகுதுன்னு கெர்னல் மெசேஜ்ல எழுதிட்டு எரர் குடுக்கும், டீஃபால்ட்டா அந்த வால்யூம ரீட்-ஒன்லியாவும் மாத்திடும்.

இன்னொண்ணு, அடுத்த கிளஸ்டர் நம்பர் 2-க்கு கீழயோ மொத்த கிளஸ்டர் எண்ணிக்கை + 1-க்கு மேலயோ (நம்பர் 2-லேர்ந்து ஆரம்பிக்கிறதால) இருந்தா அங்கயே நிறுத்துங்க. அந்த மொத்தம்ங்கிறதும் பூட் செக்டார்ல எழுதியிருக்கிறத வச்சு கணக்கு போடுறதுதான், அதுவே கரப்ட் ஆகியிருக்கலாம், அதனால மவுண்ட் பண்ணும்போதே கார்டு சொல்ற நெஜ சைஸோட ஒப்பிட்டுப் பாத்துடுங்க.

நடுராத்திரி_டீபக்:
டைரக்டரிக்கு அண்ணன் சொல்றது ஓகே. ஃபைலுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். சைஸ் 100 கிளஸ்டர்னு இருக்கு, செயின் 5-வதுலயே லூப் ஆகுதுன்னு வைங்க, கவுண்டர் 100 வரைக்கும் போய் சமத்தா நிக்கும், யூசருக்கு அதே 5 கிளஸ்டர் 20 தடவ காப்பி ஆகி எரரே இல்லாம போய்ச் சேரும். ஹேங் ஆனாலாவது ஏதோ தப்புன்னு தெரியும், இது அதவிட மோசம்.

லூப் கண்டுபிடிக்க ப்ரெண்ட் அல்காரிதம் பாருங்க ப்ரோ. ஒரு கிளஸ்டர் நம்பர ஞாபகம் வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்டெப்புலயும் அதோட ஒப்பிடணும், 1, 2, 4, 8னு இரட்டிப்பாகுற இடத்துல மட்டும் ஞாபகத்துல இருக்கிறத மாத்தணும். முயல் ஒண்ணுதான் ஓடுது, ஆமை உக்காந்த எடத்துலயே இருக்கு, அதனால எக்ஸ்ட்ரா ரீடு ஒண்ணுகூட கிடையாது, ரெண்டு மூணு வேரியபிள் எக்ஸ்ட்ரா, அவ்ளோதான்.

பழைய_ஃப்ளாப்பி:
ஃபைல் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம்தான், ரெண்டையும் சேத்தே போடலாம், கவுண்டர மட்டும் எடுத்துடாதீங்க.

பொரிகடலை:
ப்ரெண்ட் சூப்பரா இருக்கு, ரெண்டும் சேத்தே போட்டுடறேன். இன்னொரு டவுட்டு, ஒரு சப்-டைரக்டரியோட ஆரம்ப கிளஸ்டரே அதோட அப்பா டைரக்டரிய காட்டுச்சுன்னா? செயின்ல லூப் இல்ல, ஆனா ட்ரீ முடியாது. அப்புறம் டெலிட் பண்ணும்போதும் இதே செக் வேணுமா?

நடுராத்திரி_டீபக்:
ட்ரீக்கு ரிகர்ஷன்ல எறங்கும்போது மேல இருக்கிற டைரக்டரிகளோட ஆரம்ப கிளஸ்டர ஒரு சின்ன ஸ்டேக்ல வச்சுக்கோங்க, புதுசு அதுல ஏற்கனவே இருந்தா உள்ள போகாதீங்க. ஆழத்துக்கும் ஒரு எல்லை வைங்க, இல்லன்னா கெர்னல் ஸ்டேக் காலி.

இது ஃபேட் தலைவலி மட்டும் இல்ல. ஐஎஸ்ஓ (சிடி) இமேஜ்ல ராக் ரிட்ஜ் (யூனிக்ஸ் ஃபைல் பேரு, பர்மிஷன் வைக்கிற எக்ஸ்டென்ஷன்) தகவல் "மிச்சம் அங்க இருக்கு"ன்னு இன்னொரு எடத்த காட்டும், அது இன்னொண்ண காட்டும், கடைசில தன்னையே காட்டினா? 2014 வரைக்கும் லினக்ஸ் அதுல சுத்திட்டேதான் இருந்துச்சு, அப்புறம்தான் 32 தடவைக்கு மேல போகாதன்னு எல்லை போட்டாங்க. அதே வருஷம் யூடிஎஃப்-லயும் (டிவிடி ஃபைல் சிஸ்டம்) இதே கதை, அங்க எல்லை 1024. லினக்ஸோட எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துல ஒவ்வொரு டைரக்டரி எண்ட்ரிலயும் அதோட நீளம் இருக்கும், அந்த நீளம் ஜீரோன்னா பாயிண்டர் நகரவே நகராது, அதனால குறைஞ்சபட்ச நீளம் இருக்கா, 4-ஆல வகுபடுதா, பிளாக்க தாண்டுதான்னு பாத்துட்டுதான் அடுத்த எண்ட்ரிக்கே போகும்.

பழைய_ஃப்ளாப்பி:
டெலிட் கேட்டீங்கல்ல, ஃபேட்32-ல அது தானாவே ஒடஞ்சிடும். அடுத்த நம்பர படிச்சுட்டு இந்த எண்ட்ரிய ஜீரோ ஆக்கிட்டேதான் போறோம், 9 முடிஞ்சு மறுபடி 5-க்கு வந்தா அங்க ஜீரோ இருக்கும், எரர்னு நிறுத்திடலாம். அதே லாஜிக்க எக்ஸ்ஃபேட்டுக்கு (ஃபேட்32-க்கு அடுத்து வந்த ஃபைல் சிஸ்டம்) கொண்டு போயிடாதீங்க, அங்க டெலிட் பண்ணா எந்த கிளஸ்டர் யூஸ்ல இருக்குன்னு குறிக்கிற அலோகேஷன் பிட்மேப்லதான் பிட் அழியும், ஃபேட் எண்ட்ரி அப்படியே இருக்கும், அதனால முடிவே இல்லாம சுத்தும். லினக்ஸ் எக்ஸ்ஃபேட் டிரைவர்லயே இது இருந்துச்சு, 2024 கடைசி வாக்குல மொத்த கிளஸ்டர் எண்ணிக்கைய எல்லையா வச்சு சரி பண்ணாங்க. நீங்க சொன்ன லாக் பிரச்சனையும் அதே சமயம் அதோட ரீட்டிர்ல (டைரக்டரிய படிக்கிற ஃபங்ஷன்) வந்துச்சு, ஒரு கிளஸ்டர் தன்னையே காட்டி அதுல காலி எண்ட்ரியும் இருந்தா கவுண்டர் ஏறவே ஏறாது, எல்லை இருந்தும் பிரயோஜனம் இல்ல, சிங்க் (டிஸ்க்ல எழுதி முடிக்கச் சொல்றது) கூப்பிட்டவனும் அந்த லாக்குக்காக நின்னுட்டான். உங்க கோட்லயும் காலி எண்ட்ரிய ஸ்கிப் பண்ற எடத்துல கவுண்டர் ஏறுதான்னு ஒருக்கா பாத்துக்கோங்க.