டிபிஎம் ஜல்லியில் தட்டை, நீளம் சேர்த்து 45% வருகிறது: சோதனை தப்பா, கல் தப்பா?

கேட்டவர்: லேப் இன்ஜினியர், திண்டிவனம் பக்கம்

வணக்கம். ஒரு நெடுஞ்சாலை வேலையில் லேப் பார்க்கிறேன். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. டிபிஎம் (சாலையின் மேல்தளத்துக்கு அடியில் வரும் அடர்த்தியான தார்க் கலவை அடுக்கு) போடுவதற்குக் கருங்கல் ஜல்லி வருகிறது. ஏஐவி (அடித்துப் பார்க்கும்போது கல் நொறுங்கும் அளவு) 21%, நீர் உறிஞ்சல் 0.6%, தார் ஒட்டும் சோதனையிலும் தேறிவிட்டது. தட்டை ஜல்லியும் நீள ஜல்லியும் சேர்ந்த கூட்டு மட்டும் மூன்று முறை செய்தும் 45-ஐ ஒட்டியே நிற்கிறது.

கடைசி முறை 9,000 கிராம் எடுத்தேன். தட்டை 1,980 கிராம், அதாவது 22%. நீளம் 2,070 கிராம், 23%. கிரஷர் தரப்பு தங்கள் லேபில் 31% என்று ரிப்போர்ட் காட்டுகிறது. வரம்பு 30 என்று ஒருவர் சொல்கிறார், 35 என்று இன்னொருவர் சொல்கிறார். லோடைத் திருப்பி அனுப்பச் சொல்லி எனக்கு நெருக்கடி. தப்பு என்னுடையதாக இருந்தால் ஒருவர் பிழைப்பில் மண் விழும் என்று பயமாக இருக்கிறது. எங்கே பார்ப்பது?

மறுமொழி 1: சாலைப் பணி மேற்பார்வையாளர்

30% என்பது மோர்த் (மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம்) விவரக்குறிப்பின் நான்காம் திருத்தத்தில் இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் திருத்தத்தில் 35% ஆனது. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தத் திருத்தம் என்று முதலில் பாருங்கள் தம்பி, அதுதான் உங்களைக் கட்டும்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்

தம்பி, உங்கள் கணக்கைப் பார்த்தவுடனே ஒரு சந்தேகம். நீள சோதனையை முழு 9,000 கிராமிலும் செய்தீர்களா? அப்படியென்றால் கோளாறு அங்கேதான்.

கூட்டுக் குறியீட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் முழு மாதிரியிலிருந்து தட்டையைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அந்த எடையை மொத்த எடையால் வகுத்தால் தட்டைக் குறியீடு. அப்புறம் மீதமிருக்கும் தட்டையில்லாத கல்லை மட்டும் நீள கேஜில் (கல்லின் நீளத்தை அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். நீளமானவற்றின் எடையை, மொத்தத்தால் அல்ல, அந்த மீதக் கல்லின் எடையால் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் விவரக்குறிப்பு கேட்கும் எண். முழு மாதிரியில் இரண்டையும் செய்தால், தட்டையாகவும் நீளமாகவும் இருக்கிற ஒரே கல் இரண்டு பக்கமும் தண்டனை வாங்கும்.

அப்புறம் கேஜ். சராசரி அளவில் 0.6 மடங்குக்கும் குறைவான தடிமன் இருந்தால் தட்டை, 1.8 மடங்குக்கும் அதிக நீளம் இருந்தால் நீளம். 20-க்கும் 16-க்கும் நடுவில் நிற்கும் ஜல்லிக்குச் சராசரி 18 மிமீ. ஆகவே தட்டைப் பிளவு 10.8, நீள இடைவெளி 32.4. வெர்னியரை வைத்து அளந்து பாருங்கள். தேய்ந்து விரிந்த பிளவில் நல்ல கல்லும் விழுந்து தட்டைக் கணக்கில் சேரும். ஒவ்வொரு அளவிலும் 200 கல்லாவது இருக்க வேண்டும், 6.3 மிமீக்குக் கீழே இந்தச் சோதனை கிடையாது.

மாதிரி எங்கே எடுத்தீர்கள்? குவியலின் அடிவாரத்தில் பெரிய கல் உருண்டு வந்து சேரும். அங்கே அள்ளியது குவியலைச் சொல்லாது. பெல்ட்டை நிறுத்தி, ஒரு நீளத்துக்கு முழு அகலத்தையும் தூசியோடு வழித்து எடுப்பதுதான் நல்ல மாதிரி. பிறகு நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்துக் குறையுங்கள்.

கேட்டவர்

சார், நீங்கள் சொன்னதுதான். அதே மாதிரியை மறுபடி செய்தேன். தட்டை போக மீதம் 7,020 கிராம். அதில் நீளம் 983 கிராம், 14%. கூட்டு 36%. 1,087 கிராம் கல்லை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்! கேஜ் சரியாக இருக்கிறது.

ஆனால் இப்போதும் 35-க்கு மேல்தான். அளவு அளவாகப் பிரித்துப் பார்த்தால் 12.5-க்குக் கீழே உள்ள இரண்டு பிரிவுகளில்தான் தட்டை குவிந்திருக்கிறது. கிரஷர் லேபில் 20 மிமீ குவியலை மட்டும் சோதித்திருக்கிறார்கள் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

மறுமொழி 3: கிரஷர் பிளான்ட் ஆபரேட்டர்

அப்படியானால் மிச்சம் இருப்பது கல்லின் வடிவம், கேஜ் இல்லை சார். 12 மிமீ மட்டும் தட்டையாக வந்தால் கோனை (கூம்பு வடிவக் கல்லுடைப்பான்) பாருங்கள். கோன் வாய் எப்போதும் நிரம்பி ஓட வேண்டும். அப்போதுதான் கல்லோடு கல் உரசி முனை உடையும். ஃபீட் விட்டுவிட்டு வந்தால் கல் தனியாக இரும்பில் மாட்டிச் சில்லுச் சில்லாகப் பிளக்கும். பெரிய கல்லை ஒரே அடியில் சின்னதாக்க முயன்றாலும் இதே கதைதான். அந்த கிரஷர் பிளான்டில் விஎஸ்ஐ (கல்லைச் சுழற்றி வீசி உடைக்கும் இயந்திரம்) இருக்கிறதா? எம்-சாண்டுக்கு மட்டும் ஓட்டுகிறார்களா?

மறுமொழி 2: ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்

36-தானே, ஒன்றுதானே கூடுதல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தட்டைக்கல் ரோலருக்கு அடியில் முறியும். முறிந்த முகத்தில் தார் இருக்காது. தண்ணீர் அங்கேதான் நுழையும், ஒரு மழைக்காலம் போதும்.

கேட்டவர்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். கிரஷருக்கு நேரில் போனேன். கோனுக்கு மேலே இருக்கும் தொட்டி பாதிதான் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. லாரி வரும்போது மட்டும் ஃபீட் தள்ளியிருக்கிறார்கள். இப்போது தொட்டியை நிரப்பி ஓட்டுகிறார்கள். எம்-சாண்டுக்கு மட்டும் ஓடிய விஎஸ்ஐ வழியாகவே 12 மிமீயையும் திருப்பிவிட்டார்கள். பழைய 12 மிமீ குவியலைத் தனியாக ஒதுக்கி வைத்தாயிற்று. அதில் ஒரு லோடுகூட எங்கள் தார்க் கலவை பிளான்டுக்கு வரவில்லை.

நேற்று பெல்ட்டில் எடுத்த மாதிரி: 9,200 கிராமில் தட்டை 1,564, அதாவது 17%. மீதம் 7,636-இல் நீளம் 993, அது 13%. கூட்டு 30%. கிரஷர் ஆளும் என்னோடு உட்கார்ந்து கல்லை ஒவ்வொன்றாகக் கேஜில் விட்டுப் பார்த்தார்.

மறுமொழி 1: சாலைப் பணி மேற்பார்வையாளர்

நல்ல வேலை. ஒன்று மறக்காதீர்கள். கல்லின் வடிவம் மாறினால் கலவையின் காற்றிடைவெளியும் மாறும். விஎஸ்ஐயில் போனதால் 12 மிமீயின் சல்லடைக் கணக்கும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பழைய ஜாப் மிக்ஸை (கலவை விகிதக் கணக்கு) அப்படியே வைத்துக்கொண்டு தார் போடாதீர்கள். சல்லடை போட்டு, ஒவ்வொரு அளவு ஜல்லியும் கலக்கும் விகிதத்தைச் சரிபாருங்கள், மார்ஷல் மாதிரிகளை (கலவையை அச்சில் அடித்துச் சோதிக்கும் உருளைகள்) மறுபடி அடித்துப் பாருங்கள், அப்புறம் டிரையல் ஸ்ட்ரெச் (சோதனைக்காகச் சிறு நீளம்) போடுங்கள்.

கேட்டவர்

சரி சார். சல்லடை இன்று மாலை, மார்ஷல் நாளைக் காலை. கிரஷரிலிருந்து 12 மிமீ இரண்டு மூட்டை வந்திறங்கிவிட்டது.