பனியுகக் கடல் மாதிரியில் 40 பிபிஎம் இடிக்கிறது

கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 190 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 190 பங்கு). தொழிற்புரட்சிக்கு முன் 280. அண்டார்டிகப் பனிக்கட்டியில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் சொல்லும் கணக்கு இது. ஆய்வேட்டுக்காக நான் எழுதிய, கடலை ஏழு பெட்டிகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரியோ 230-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மூன்று வாரமாக இதே கதை.

கடலைக் குளிர்வித்தேன், குளிர்ந்த நீர் வாயுவைக் கூடுதலாகக் கரைக்கும் என்பதால் நல்ல இறக்கம். கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்ததற்காக உப்பை 3 சதவீதம் கூட்டியதும் அந்த இறக்கத்தில் ஒரு பங்கு பறிபோனது, உப்பு கூடினால் நீர் வாயுவைக் குறைவாகக் கரைக்கும். வட அட்லாண்டிக்கில் மூழ்கும் நீரை மேல்மட்டத்தோடு நிறுத்தி, கரி ஆழத்தில் தேங்கட்டும் என்று அடியில் அண்டார்டிக நீரைப் பரப்பினேன். வாயு வெளியேறாமல் தடுக்கத் தென்பெருங்கடலில் கடற்பனியை விரித்தேன். தூசியோடு வரும் இரும்பு நுண்பாசிகளுக்கு உரமாகுமே என்று அதையும் சேர்த்தாயிற்று. காடுகள் சுருங்கி வெளிவிட்ட கரியை இன்னும் தொடவில்லை. தொட்டால் எண் மேலேதான் ஏறும்!

மாதிரியில் கடலடி வண்டல் கிடையாது. கடலின் மொத்தக் காரத்தன்மையை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்; இது கூடினால் கடல் கூடுதல் கரியமில வாயுவை ஏற்கும்) மாறாமல் வைத்திருக்கிறேன். மிச்சமுள்ள 40 பிபிஎம்மைப் பிடிக்க காரத்தன்மையைக் கூட்டும் ஆழ்கடல் வண்டலின் சுண்ணாம்புக் கரைவைச் சேர்ப்பதா, ஆழ்நீர் கலக்கும் வேகத்தை இன்னும் குறைப்பதா?