மறு: மறு: ஐந்து உயிரெழுத்தும் வரும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன?

க. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மாணவர்களுக்கான சொல்விளையாட்டு நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஒரு இயல் முழுக்க ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் தலைக்கு ஒருமுறை வரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியது. எஜுகேஷன் எல்லோருக்கும் தெரிந்தது. ஃபசீஷஸ் (facetious), அப்ஸ்டீமியஸ் (abstemious) இரண்டிலும் ஐந்தும் அகரவரிசைப்படியே வருகின்றன. சப்கான்டினென்டலில் (subcontinental) அதே ஐந்து தலைகீழாக. செக்வோயா (sequoia) என்ற மரப்பெயரில் மொத்தமே ஏழு எழுத்து, அதில் ஐந்து உயிர். இந்த இனத்துக்கு அங்கே சூப்பர்வோகாலிக் (supervocalic) என்று பெயர். நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் தாருங்கள்.

செ. எழுதியது:

ஐயுயிர்ச்சொல். ஐயாயிரம், ஐயறிவு போல. வேலை முடிந்தது.

இரா. எழுதியது:

செ. அவர்களுக்கு எல்லாமே உடனே முடிந்துவிடும். நம் உயிர் பன்னிரண்டு. ஐந்து என்று சொன்னதுமே அது ஆங்கிலத்துக்குக் கட்டுப்பட்ட சொல்லாகிவிடுகிறது. நாளை தமிழில் இதே விளையாட்டை ஆட நினைத்தால் என்ன செய்வது? முற்றுயிர்ச்சொல் அல்லது நிறையுயிர்ச்சொல் என்போம். எண்ணிக்கை அந்தந்த மொழிக்கு விடப்படும்.

ந. எழுதியது:

ஐயா, நிறையுயிர் என்றால் என் மாணவர்கள் உயிரியல் பாடம் என்று நினைப்பார்கள். பல்லுயிர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டது. ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்ற குறளும் அதற்குத் துணை நிற்கிறது. பேசாமல் ‘ஐந்து உயிரெழுத்துச் சொல்’ என்று பிரித்தே எழுதிவிடலாமே? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

இரா. எழுதியது:

ந. அம்மா, விளக்கம் வேறு, கலைச்சொல் வேறு. நீங்கள் தருவது விளக்கம்.

மு. எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. சூப்பர்வோகாலிக் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்: யூ, ஈ, ஓ, ஏ, ஐ. ஐந்தும் ஒவ்வொரு முறை! சொல்லே தனக்கு எடுத்துக்காட்டு. நம் சொல்லும் அப்படி இருந்தால்தான் அழகு. ஆங்கிலத்தின் ஐந்துக்கு நிகராக நம்மிடமும் குறில் ஐந்துதான்: அ, இ, உ, எ, ஒ. ஐங்குறிற்சொல் என்றே வைக்கலாம். ஆனால் அதில் அகரமும் எகரமும் இல்லையே என்று உறுத்துகிறது.

செ. எழுதியது:

உறுத்திக்கொண்டே இருக்கும். தமிழ்த் தனிச்சொல்லில் குறில் எகரமும் ஒகரமும் பெரும்பாலும் முதலெழுத்தில்தான் வரும். முதலெழுத்து ஒன்றுதான். இரண்டும் எப்படி ஒரே சொல்லில் உட்காரும்?

மு. எழுதியது:

உட்கார வைத்துவிட்டேன். ‘சொல்லெழுதிய’. சொ, லெ, ழு, தி, ய: ஒ, எ, உ, இ, அ. மிச்சம் மீதி இல்லை. சொல்லெழுதிய பலகை, சொல்லெழுதிய ஏடு!

செ. எழுதியது:

அது சொல்லை எழுதிய என்ற வேற்றுமைத்தொகை. இரண்டு சொல்.

மு. எழுதியது:

‘எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய’ என்கிறது தொல்காப்பியம். என்னோடு வழக்கு வேண்டாம்.

ந. எழுதியது:

மு. ஐயா, அபாரம். ஆனால் கலைச்சொல் இன்னும் வரவில்லை. தவிர, அந்த ஐந்து உயிரும் தாளில் எங்கே இருக்கின்றன? உயிர்மெய்க்குள் ஒளிந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் நேர்மாறு. க்யூயிங் (queueing) என்ற சொல்லில் யூ, ஈ, யூ, ஈ, ஐ என்று ஐந்து உயிர் அடுத்தடுத்து நிற்கின்றன. காதில் விழுவது என்னவோ இரண்டுதான். அவர்கள் வடிவத்தை எண்ணுகிறார்கள், நாம் ஒலியை. குறில் என்பது மாத்திரைக் கணக்கு. அதை இதற்குள் கொண்டுவந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

இரா. எழுதியது:

ஒலியை வைத்து விளையாடுவதில் நமக்கு நிகர் யார்? நிரோட்டம் என்று இதழ் படாமல் பாடினோம். ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ குறளில் உதடு ஒட்டாது.

செ. எழுதியது:

ஒட்டாது, சரி. ஆனால் அதே குறளில் அடுத்து வரும் ‘நோதல்’ என்று சொல்லும்போது உதடு குவியும். ஓகாரம் இதழ்குவிவு என்கிறது நன்னூல். குவிந்தாலும் நிரோட்டம் கெடும் என்பதே அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் கணக்கு. ஆகவே அந்தக் குறள் கறாரான நிரோட்டம் அல்ல.

இரா. எழுதியது:

வள்ளுவரிடமே குறை காண்கிறீர்கள். தனி இழையில் வாருங்கள்.

க. எழுதியது:

பெரியவர்களே, நாளை வெள்ளி. பதிப்பாசிரியர் இருமுறை கேட்டுவிட்டார். எண்ணிப் பார்த்ததில் ஐயுயிர்ச்சொல்லுக்கு மூவர், நிறையுயிர்ச்சொல்லுக்கு இரா. ஐயா, சொல்லெழுதிய என்பதற்கு மு. ஐயா. ஐயுயிர்ச்சொல் என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ந. அம்மா சொன்ன ‘ஐந்து உயிரெழுத்துச் சொல்’ என்ற விளக்கத்தைச் சேர்க்கிறேன்.

மு. எழுதியது:

ஏற்கிறேன். ஐயுயிர்ச்சொல்லில் ஐ, உ, இ, ஒ என்று நான்கு உயிராவது தேறுகின்றன.

இரா. எழுதியது:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஐந்து என்று கட்டிவைத்ததன் பலன் அடுத்த பக்கத்திலேயே தெரியும். ஃபசீஷஸ்லி (facetiously) என்ற சொல்லில் ஒய்யும் சேர்கிறது. அதை உயிராக எண்ணுவோர் ஆறு என்பார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள், ஆறுயிர்ச்சொல்லா?

ந. எழுதியது:

வேண்டாம் ஐயா, மெய்ப்புப் பார்ப்பவர் அதை ஆருயிர்ச்சொல் என்று திருத்திவிடுவார்.