மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா? சென்னைக்காரர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெரம்பூர்வாசி:

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. என் மகளுக்கு அதுதான் முதல் ஓட்டு. பூத்தை விட்டு வெளியே வந்ததும் வராததுமாக, "அப்பா, மேயருக்கு எங்கே போடணும்? எனக்கு ஒரு தடவைதான் பட்டனை அழுத்தச் சொன்னாங்க" என்றாள். மேயருக்கு நாம் போடுவதில்லை, ஜெயித்த கவுன்சிலர்கள் கூடிப் போடுவார்கள் என்றேன். "நீங்க போட்டதே இல்லையா?" "மூன்று முறை போட்டிருக்கிறேன்." அவள் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கென்று தனி ஓட்டு இருந்தது. 2006-லும் 2022-லும் இல்லை. 2016-ல் தேர்தலே நடக்கவில்லை. இத்தனைக்கும் நான் வீடு மாறவில்லை, பூத்தும் மாறவில்லை.

1996 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் இரண்டு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள், ஒன்று வார்டுக்கு, ஒன்று மேயருக்கு. எனக்கு முன்னால் நின்ற ஆயா முதல் சீட்டில் முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்குப்பா, தப்பா ரெண்டு குடுத்துட்டியா?" என்று அலுவலரிடம் திருப்பி நீட்டியது. மேயருக்கு என்று அவர் சொன்னதும், "மேயர்னா யாரு, கலெக்டரா?" என்றது. வரிசையே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வரவில்லை. 23 வருடமாக ஊரில் மேயரே இல்லையே!

அந்தத் தேர்தலில்தான் மு.க.ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சென்னை மேயரானார். உங்களுக்கும் இப்படி ஏதாவது நினைவு இருந்தால் எழுதுங்கள்.

ராயபுரம் தாத்தா:

அந்த 23 வருடத்தில் சிக்கியவன் நான். 1953-ல் பிறந்தேன். அப்போது ஓட்டுரிமைக்கு 21 வயது ஆக வேண்டும். எனக்கு 21 ஆனது 1974-ல். மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் வெளியாகி, மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தது 1973-ல். வேலைக்கு வராத ஆட்களின் பேரில் கூலி எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் புகார். அதற்குப் பிறகு மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் போய்த் தனி அலுவலர் வந்தாரே தவிர, தேர்தல் வரவில்லை. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல்களில் எத்தனையோ தடவை மை வைத்துக்கொண்டேன். என் தெருக் குழாய்க்கும் குப்பைக்கும் பொறுப்பான ஆளுக்கு முதன்முதலாக ஓட்டுப் போட்டபோது எனக்கு 43 வயது, தலை பாதி நரைத்துவிட்டது.

மறுபடி தேர்தல் வந்ததும் சும்மா வந்துவிடவில்லை. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல், அதற்கென்று மாநிலத் தேர்தல் ஆணையம் என்றெல்லாம் ஆனது அதற்குப் பிறகுதான்.

கலைப்பதற்கு முன்னால் இருந்த முறையையும் சொல்கிறேன், சின்னவர்களுக்குத் தெரியாது. மேயர் பதவி ஒரே ஒரு வருடம்தான். கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். நான் படித்தது மாநகராட்சிப் பள்ளியில். பரீட்சையில் "நமது மேயர் யார்?" என்ற கேள்வி தவறாமல் வரும். பதில் வருடா வருடம் மாறும். அண்ணன் நோட்டைப் பார்த்துப் படித்துவிட்டுப் போய்ப் பழைய மேயர் பெயரை எழுதி ஒரு மார்க்கைக் கோட்டை விட்டேன். வாத்தியார், "இவர் போன வருஷத்து மேயர்டா" என்று குட்டினார்.

1959 தேர்தல் பற்றி வீட்டில் பேசிப் பேசியே எனக்குப் பாடம். நூறு இடங்களில் தி.மு.க. 45 பிடித்தது. சட்டமன்றத்தில் அப்போது அவர்களுக்கு 15 பேர்தான். ஆட்சியைப் பிடித்துக் கோட்டைக்குப் போவதற்கு முன்பே மாநகராட்சி ஆபீஸான ரிப்பன் மாளிகைக்குப் போனார்கள் என்று அப்பா சொல்வார். அ.பொ.அரசு மேயரானார், அந்தக் கட்சியின் முதல் மேயர்.

மயிலாப்பூர் வாசகர்:

தாத்தா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு வருட மேயரால் என்ன செய்ய முடியும் என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் மேயரானார். அதே ஒரு வருடம்தான். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940-ல் அடிக்கல் வைத்தாயிற்று. 1944-ல் கட்டி முடித்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்றும் நாம் குடிக்கிற தண்ணீரில் அந்த ஏரியின் பங்கு இருக்கிறது. 1937-ல் மேயரான ஜெ.சிவசண்முகம் பிள்ளைதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பட்டியல் சாதிக்காரர், பின்னாளில் சட்டமன்ற சபாநாயகராகவும் இருந்தார். 1956-ல் தாரா செரியன், முதல் பெண் மேயர். மக்கள் ஓட்டுப் போடாத காலத்திலும் நல்ல ஆட்கள் வந்திருக்கிறார்கள், அதையும் பார்க்க வேண்டும்.

முதல் மேயர் 1933-ல் ராஜா முத்தையா செட்டியார்தானே?

பழங்கதைப் பிரியன்:

சின்னத் திருத்தம். மேயர் பட்டத்தை மறுபடி கொண்டுவந்தபோது முதலில் அமர்ந்தவர் அவர். அதற்கு முன்னே, 1688 செப்டம்பர் 29-ல், கிழக்கிந்தியக் கம்பெனி மாநகராட்சியைத் தொடங்கி நதானியல் ஹிக்கின்சனை மேயராக உட்கார வைத்தது. கூட 12 ஆல்டர்மேன்கள், அதாவது மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள். ஜனங்கள் மேல் வரி போட வேண்டும், வசூலிக்கக் கம்பெனியே போனால் சண்டை வரும், ஊர்க்காரர்களை வைத்தே வசூலித்தால் கொடுப்பார்கள் என்பது லண்டனில் இருந்தவர்களின் கணக்கு. கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

ஓய்வு பெற்ற ஆசிரியை, வடசென்னை:

நான் ஓட்டுப் போட்ட கதையைச் சொல்லப் போவதில்லை. ஓட்டு வாங்க உட்கார்ந்த கதை. 2006 அக்டோபர். நான் வாக்குச்சாவடி அலுவலர். முதல் நாள் ராத்திரியே பள்ளிக்கூடத்தில் படுத்து, காலையில் ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் வரை அமைதி. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் உள்ளே வந்தார்கள். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், எழுதி இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை. "டீச்சர், நீங்க சாப்பிடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றான் ஒருவன். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. அவன் முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன்.

அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு நொடி நின்றான். "வெளியே போப்பா" என்றேன். அவன் போய்விட்டான், மற்றவர்கள் போகவில்லை. அப்புறம் நடந்ததைப் புகாராக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கை நடுக்கம் நிற்க இரண்டு நாள் ஆனது. அந்தத் தேர்தல் உயர்நீதிமன்றம் வரை போய், 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடியும் வாக்குப்பதிவு நடந்தது. எனக்கு டியூட்டி போடவில்லை. போட்டிருந்தாலும் மெடிக்கல் லீவு எடுத்திருப்பேன்.

அந்த முறை மேயருக்கு மக்கள் ஓட்டு கிடையாது. மா.சுப்பிரமணியனைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு வார்டும் மேயர் நாற்காலிக்கு ஒரு ஓட்டு என்று ஆனபோது ஒவ்வொரு பூத்துக்கும் விலை ஏறிவிட்டது. நான் அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பெரம்பூர்வாசி:

டீச்சர், படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் நேரடித் தேர்தலிலும் ஒரு சிக்கல் இருந்ததை மறுக்க முடியாது. 2001-ல் ஸ்டாலின் மறுபடி ஜெயித்தார், மாநிலத்தில் ஆட்சி அ.தி.மு.க.வுடையது, துணை மேயர் கராத்தே தியாகராஜன் ஆளுங்கட்சி ஆதரவோடு வந்தவர். மன்றக் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2002-ல் ஒருவர் எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஸ்டாலின் எம்.எல்.ஏ.வாகத் தொடர்ந்தார், மேயர் பதவி போனது, மிச்ச காலத்தைத் துணை மேயரே பொறுப்பு மேயராக ஓட்டினார். நான் ஓட்டுப் போட்டது ஒருவருக்கு, என் பகுதிக்கு ரோடு போட வந்து கொடி அசைத்தவர் இன்னொருவர்.

அம்பத்தூர்க்காரி:

எங்களுக்குக் கொடுத்ததையும் எடுத்ததையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அம்பத்தூர் தனி நகராட்சியாக இருந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் நகராட்சி ஆபீஸுக்கு நடந்தே போய்ச் சத்தம் போடுவோம். 2011-ல் ஒன்பது நகராட்சி, எட்டுப் பேரூராட்சி, 25 கிராம ஊராட்சி எல்லாவற்றையும் சென்னையோடு சேர்த்தார்கள். 155 வார்டு 200 ஆனது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர் 426 ஆனது. ஒரே ராத்திரியில் நான் சென்னைக்காரி!

அந்த வருடம் அக்டோபரில் சென்னை மேயருக்கு முதல் தடவையாக ஓட்டுப் போட்டேன். சைதை துரைசாமி நின்றார். அதே வருடம் கொளத்தூரில் ஸ்டாலினிடம் தோற்றவர், ஆறு மாதத்துக்குள் அப்போது மேயராக இருந்த சுப்பிரமணியனைத் தோற்கடித்து மேயரானார். ஓட்டுப் போட்ட குஷியில் வீட்டுக்காரரிடம், "இனிமே நேரா மேயர்கிட்டயே பேசலாம்" என்றேன். மறு வாரம் தண்ணீர் வரவில்லை. ரிப்பன் மாளிகைக்கு ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கிப் போக வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

2016-ல் என் மாமா வார்டுக்கு நிற்க மனு போட்டார். நோட்டீஸ் அடித்தாயிற்று, ஆட்டோவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அக்டோபர் 4-ம் தேதி உயர்நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்துவிட்டது. மிச்சமான நோட்டீஸின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் கணக்குப் போட்டார்கள். கூட்டல் கணக்கைத் திருப்பினால் மாமா கைகூப்பிச் சிரிப்பார். நடுவில் 2018-ல் நேரடித் தேர்தல் என்று சட்டத்தை மாற்றி, 2019-ல் மறுபடி மறைமுகம், அதாவது கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பது என்று திருப்பினார்கள். மாமா இரண்டாவது தடவை நோட்டீஸ் அடிக்கவில்லை.

புளியந்தோப்புப் பையன்:

எல்லாரும் எடுத்துக்கொண்டதைப் பற்றியே எழுதுகிறீர்கள். 2022 மார்ச் 4 அன்று நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு டிவி பார்த்தேன். மேயர் பதவியைப் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். திரு.வி.க.நகர் பக்கத்து 74-வது வார்டிலிருந்து ஜெயித்த பிரியா, அப்போது இருபதுகளில் இருந்தவர், போட்டியின்றித் தேர்வானார். சிவப்பு அங்கி, தங்கச் சங்கிலி, கையில் செங்கோல். எங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார். எங்கள் தெருப் பேரைச் சொன்னாலே ஆட்டோ வராது என்று பழகியவர்கள் நாங்கள். நேரடித் தேர்தலாக இருந்தால் எந்தக் கட்சியாவது இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை நிறுத்தியிருக்குமா? ஒதுக்கீடு இருந்தால் நிறுத்தியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, அதுவும் நியாயம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை.

ராயபுரம் தாத்தா:

தம்பி, நானும் அதைப் பார்த்தேன். இன்னொன்று ஞாபகம் வந்தது. 2019-ல் என் பேரன் மூன்றாம் வகுப்பு. நான் படித்தது மாதிரி மாநகராட்சிப் பள்ளிதான். வீட்டுப்பாடத்தில் "உங்கள் ஊர் மேயர் பெயர்?" என்று இருந்தது. யோசித்துப் பார்த்தேன், ஆள் இல்லை. "தனி அலுவலர்" என்று எழுதச் சொன்னேன். டீச்சர் அதற்குச் சரி போட்டிருந்தார்.