கூட்டு மனம் கூப்பிட்டால் போவீர்களா? ஒரு சனிக்கிழமைச் சண்டையின் தொடர்ச்சி

முனிர்க்காவாசி (ஞாயிறு, காலை 9:10)

நேற்று டெல்லி ஆர்.கே.புரத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ நாவலைப் பற்றிப் பேசினோம். டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை முடியவில்லை. அதனால் இங்கே.

படிக்காதவர்களுக்கு: 1982இல் வந்த நாவல். கேயா என்று ஒரு கிரகம். அங்கே மனிதர், மரம், மீன், பாறை எல்லாமே ஒரே மனத்தின் பங்குகள். அந்த மனம் விண்மீன் மண்டலம் முழுக்கப் பரவலாமா என்ற கேள்வி வருகிறது. எதிரில் இரண்டு பேரரசுக் கனவுகள் நிற்கின்றன. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கோலன் ட்ரெவைஸ் என்ற ஒரே ஆளிடம் வந்து சேர்கிறது. காரணம், கையில் போதிய தகவல் இல்லாமலே சரியான முடிவுக்கு வந்துவிடும் ஆள் அவர். அவர் கேயா என்கிறார். அவ்வளவுதான். எத்தனையோ லட்சம் உலகங்களில் இருக்கும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அசிமோவுக்கே உறுத்தியிருக்க வேண்டும். 1986இல் வந்த அடுத்த நாவல் முழுக்க ட்ரெவைஸ் “நான் ஏன் அப்படிச் சொன்னேன்” என்று அலைகிறார். ஆனால் முடிவு சரியா என்று தேடுகிற அளவுக்கு, அதை எடுக்க நான் யார் என்று அவர் தேடவில்லை.

என் கட்சி இதுதான்: சம்மதம் கொடுத்தவர் நாளைக்கு “வேண்டாம்” என்று சொல்ல முடிய வேண்டும். கூட்டு மனத்தில் சேர்ந்த பிறகு அப்படிச் சொல்ல ஆளே இருக்காது. அதனால் அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டுவிட்டுச் சேர்த்தாலும் கேட்காமல் சேர்த்தாலும் ஒன்றுதான்.

கூட்டுப்புழு (காலை 9:48)

நேற்று பாதியில் எழுந்து போனவன் நான்தான். மெட்ரோவின் கடைசி வண்டி, கொள்கை வேறுபாடு அல்ல.

பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். ட்ரெவைஸ் கேயாவைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் சொல்கிறார். மற்ற இரண்டும் உடனே நடந்துவிடும், திருப்ப முடியாது. கேயா பரவ நெடுங்காலம் ஆகும், தப்பென்று தெரிந்தால் நிறுத்த வழி உண்டு. நீங்கள் கேட்கும் “பின்வாங்கும் உரிமை” அதில் இருக்கிறது. தனி ஆளுக்கு இல்லாமல் மொத்த இனத்துக்கும் சேர்த்து இருக்கிறது, அவ்வளவே.

அப்புறம், கேயாவில் ஆட்கள் அழிந்துவிடவில்லை. பிளிஸ் என்ற பெண் வாதாடுகிறாள், கேலி பேசுகிறாள், காதலிக்கிறாள். ட்ரெவைஸ்தான் அவளை ஆளாக மதிக்க மாட்டேன் என்று கடைசிவரை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

கேட்காமல் சேர்ப்பது பற்றி: இந்தியக் குடிமகனாக நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. தமிழை என் தாய்மொழியாக நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்காக யாரும் என்னைக் கடத்திவிட்டார்கள் என்று சொல்வதில்லையே.

பூச்சிப்பையன் (காலை 10:20)

ஒரு சின்னக் குறுக்கீடு. நேற்று ஒருவர் “தேனீக்கூட்டம் மாதிரி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தேனீக்கு அவதூறு.

கூடு மாற வேண்டிய நேரத்தில் ராணி எதையும் முடிவு செய்வதில்லை. வேவு பார்க்கும் தேனீக்கள் ஆளுக்கொரு பொந்தைப் பார்த்துவிட்டு வந்து தத்தம் இடத்துக்காக ஆடுகின்றன. போட்டி இடத்துக்காக ஆடும் தேனீயைத் தலையால் முட்டி நிறுத்தப் பார்க்கின்றன. ஒரு பொந்தில் இருபது முப்பது வேவுத் தேனீக்கள் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் அதுதான் முடிவு. தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலி இதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர். வேலைக்காரத் தேனீ திருட்டுத்தனமாக முட்டை இட்டால் மற்ற வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தின்றுவிடும் என்பதும் 1989இலேயே வெளியான விஷயம். ஒரே மனமாக இருந்தால் போலீஸ் எதற்கு?

கூட்டு மனம் என்பது பூச்சிகளிடம் கற்றது இல்லை, மனிதர்கள் தங்கள் பயத்தைப் பூச்சி மேல் ஏற்றியது. இனி நீங்கள் தொடரலாம்.

நைட் டியூட்டி (மதியம் 1:35)

இப்போதுதான் தூங்கி எழுந்தேன். நான் நர்ஸ். கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்து வாங்குவது என் அன்றாட வேலை, அதனால் சொல்கிறேன்.

கூட்டுப்புழு தம்பி, “இனத்துக்குப் பின்வாங்கும் உரிமை இருக்கிறது” என்பது எங்கள் தொழிலில் செல்லாது. 2008இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான டெல்லி வழக்கு ஒன்று உண்டு. நாற்பத்து நான்கு வயதுப் பெண், மணமாகாதவர். என்ன கோளாறு என்று லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்க்க மட்டும் சம்மதித்து மயக்க மருந்தில் இருக்கிறார். உள்ளே பார்த்த டாக்டர், ஆளை வெளியே அனுப்பி அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார். அம்மா கெடுதல் நினைக்கவில்லை. டாக்டரும் சிகிச்சை என்றுதான் நினைத்தார். நீதிமன்றம் சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, நோயாளி சுயநினைவு திரும்பினால் தானே முடிவெடுக்கக் கூடியவர், ஆகவே அம்மாவின் சம்மதம் செல்லாது. பார்க்கக் கொடுத்த சம்மதம் வெட்டுவதற்கு ஆகாது.

ட்ரெவைஸ் அந்த அம்மாவின் இடத்தில் இருக்கிறார். நல்ல மனசு, நல்ல கணிப்பு எல்லாம் இருக்கலாம். கையெழுத்து அவருடையது இல்லை.

கூட்டுப்புழு (மதியம் 2:15)

நல்ல வழக்கு அக்கா, ஏற்கிறேன். அப்படியானால் எதிர்ப்பக்கத்துக்கும் இதே அளவுகோலை வையுங்கள். ‘ஸ்டார் ட்ரெக் வாயேஜர்’ தொடரில் 1997இல் செவன் ஆஃப் நைன் வருகிறாள். அகப்பட்டவர்களை எல்லாம் வலுக்கட்டாயமாக ஒரே மனத்தில் சேர்த்துக்கொள்ளும் ‘போர்க்’ (Borg) என்ற கூட்டத்தில் சிறு குழந்தையாக இருக்கும்போதே சேர்க்கப்பட்டவள். கேப்டன் ஜேன்வே அவளைக் கூட்டத்திலிருந்து துண்டிக்கிறார். அவள் “என்னைத் திருப்பி அனுப்பு” என்று கத்துகிறாள். ஜேன்வே மறுக்கிறார். “உன்னால் இப்போது சுயமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, நான் உனக்காகத் தேர்ந்தெடுக்கிறேன்” என்ற பாணியில்தான் அவர் வாதம் போகிறது. பார்க்கிற நாம் எல்லோரும் கைதட்டுகிறோம்! இங்கே ஜேன்வேதானே அந்த அம்மா?

நாலைந்து வருஷம் முன்னால் அதே உலகத்தில், 1992இல், பிகார்ட் என்ற இன்னொரு கேப்டனின் கப்பலில் அகப்பட்ட ‘போர்க்’ இளைஞன் ஹ்யூவிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவன் கூட்டத்துக்கே திரும்பினான். கேட்டால் இப்படியும் பதில் வரும்.

முனிர்க்காவாசி (மதியம் 2:40)

ஹ்யூ திரும்பியது தன்னைத் தேடிவரும் ‘போர்க்’ கூட்டத்தின் கப்பலால் நண்பர்களுக்கு ஆபத்து வரும் என்பதற்காக. கூட்டத்தின் மேல் ஆசைப்பட்டு இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

செவன் விஷயம் எனக்கும் இடிக்கிறது. ஆனால் பின்னாளில் அவளே “நான் தனி ஆளாக இருக்க விரும்புகிறேன்” என்ற இடத்துக்கு வருகிறாள் இல்லையா.

கூட்டுப்புழு (மதியம் 2:44)

மாட்டினீர்கள். ‘போர்க்’கில் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவரும்கூடச் சேர்ந்த பிறகு “இதுவே நன்று” என்றுதான் சொல்வார்கள். பின்னால் வரும் திருப்தியை அத்தாட்சியாக எடுத்தால் ஜேன்வேயும் ஜெயிப்பார், ‘போர்க்’கும் ஜெயிக்கும். மாற்றப்பட்ட ஆள் மாற்றியவருக்கு நற்சான்று தருவதில் என்ன ஆச்சரியம்? எல். ஏ. பால் என்ற தத்துவவாதி 2014இல் இதையே ஒரு புத்தகமாக எழுதினார். ரத்தக்காட்டேரி ஆகச் சம்மதமா என்று கேட்டால், ஆன பிறகு எப்படி இருக்கும் என்று ஆகும் முன் தெரிந்துகொள்ளவே முடியாது. பிள்ளை பெறுவதும் அப்படித்தான் என்கிறார். ஆனாலும் பிள்ளை பெற்றுக்கொள்பவர்களிடம் “உங்கள் சம்மதம் செல்லாது” என்று யாரும் சொல்வதில்லை.

சரோஜினிநகர் கிழவன் (மாலை 5:05)

நான் 1974இல் கிளார்க்காக டெல்லிக்கு வந்தவன். அறிவியல் புனைகதை அதிகம் படித்ததில்லை. மகள் இந்த இழையை அனுப்பினாள்.

1976இல், எமர்ஜென்சி சமயம், எங்கள் அலுவலகத்தில் கருத்தடை அறுவைக்குக் “கேஸ்”, அதாவது ஆள், பிடித்துத் தரவேண்டும் என்று பேச்சு. பள்ளி ஆசிரியர்களுக்கும் அதே தலைவலி. எனக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இன்கிரிமென்ட் நிற்கும், குவார்ட்டர்ஸ் போகும் என்று காதில் விழுந்தது, அவ்வளவுதான். படிவத்தில் “என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல். துர்க்மான் கேட்டில் ஏப்ரல் மாதம் வீடுகளை இடித்ததும், எதிர்த்தவர்களைப் போலீஸ் சுட்டதும் உங்களுக்கே தெரியும்.

நீங்கள் எல்லோரும் சேர்ந்தபின் என்ன ஆகும் என்றே பேசுகிறீர்கள். கேட்கிறவன் யார் என்று பாருங்கள். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 16ஆவது பிரிவு: எதிராளியின் மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவன் அந்த நிலையைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. பேரத்தைப் பார்த்தாலே அநியாயம் என்று தெரிந்தால், “நான் அழுத்தம் கொடுக்கவில்லை” என்று நிரூபிக்க வேண்டியவனும் அவன்தான். ஊர் முழுக்க ஒரே மனமாகிவிட்டது, நான் ஒருவன் பாக்கி. என் பால்ய நண்பனின் ஞாபகம் அதனிடம், என்னைப் பார்த்த டாக்டரின் ஞாபகம் அதனிடம். எங்கே தட்டினால் நான் உடைவேன் என்று அதற்குத் தெரியும். அது எத்தனை மரியாதையாகக் கேட்டால் என்ன?

நைட் டியூட்டி (மாலை 5:30)

சார், வணக்கம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல. செவனைப் பற்றி மட்டும் ஒன்று.

ஐசியூவில் டெலிரியம், அதாவது நோயால் புத்தி தடுமாற்றம், வந்த நோயாளி குழாயைப் பிடுங்கிப் போட்டு “என்னை விடு” என்று கத்துவார். கையைக் கட்டுகிறோம். அதுவும் சம்மதமில்லாத காரியம்தான். ஆனால் தெளிந்ததும் அவிழ்க்க வேண்டும். 2017 மனநலச் சட்டமும் அப்படித்தான். முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவரைச் சேர்த்தால் முதல் கட்டம் 30 நாள் வரைதான், மறுபரிசீலனை வாரியத்தில் அவர் முறையிடலாம். ஜேன்வே அப்படி ஒரு கெடுவும் வைக்கவில்லை, அது குறைதான். ஆனாலும் சில வருஷம் கழித்து செவன் ஒரு சிறு கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்ப நினைத்தால் கிளம்பலாம். ‘போர்க்’கில் இருக்கும் ஒருவன் கிளம்ப முடியாது. திருப்தியை வைத்து அளக்காதீர்கள், கதவை வைத்து அளங்கள்.

கூட்டுப்புழு (மாலை 6:10)

சரி, கதவு வைத்த கூட்டு மனம் ஒன்று தருகிறேன். மூன்று மாதம் உள்ளே, பிறகு தானாகவே வெளியே விட்டுவிடும். ஞாபகம் எல்லாம் உங்களுடனே வரும். வெளியே வைத்துத்தான் மறுபடி கேட்பார்கள். கிழவர் சாருக்காக, கேட்பதும் கூட்டு மனம் இல்லை, அதில் சேராத மூன்றாவது ஆள். இப்போது?

ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்றால், கரைந்து போவது என்பதே இங்கே யாருக்கும் திகிலாக மட்டும் தெரிகிறது. நம் மரபில் அதற்காக ஏங்கியவர்கள் உண்டு. மாணிக்கவாசகர் “தந்ததுன் தன்னைக் கொண்டதென் தன்னைச் சங்கரா ஆர்கொலோ சதுரர்” என்கிறார். தன்னைக் கொடுத்துவிட்ட மனிதர் அழவில்லை. லாபம் எனக்குத்தான் என்று சிரிக்கிறார்.

முனிர்க்காவாசி (மாலை 6:32)

அந்தப் பாட்டு என் பக்கம் ஐயா! “நம்மில் யார் கெட்டிக்காரன்” என்று கேட்க இரண்டு பேர் வேண்டும். கொடுத்த பிறகும் மாணிக்கவாசகர் நின்று பேரம் பேசுகிறார், சிவனைக் கிண்டல் செய்கிறார். ‘போர்க்’குக்குள் இருந்து இப்படி ஒரு வரி வராது. கேயாவிலிருந்து வரலாம். பிளிஸுக்காக அவ்வளவு விட்டுத் தருகிறேன்.

மூன்று மாதத் திட்டம்… வெளியே வந்த எனக்கு, நாற்பது பேர் மனதை ஒன்றாகப் பார்த்த பிறகு, இந்தத் தனி மண்டை முனிர்க்காவின் ஜன்னல் இல்லாத வாடகை அறை மாதிரி இருக்கும். திரும்பி ஓடுவேன். அது என் விருப்பமா, பழக்கமா?

பூச்சிப்பையன் (மாலை 6:35)

வாடகை எவ்வளவு? அடுத்த மாதம் காலியாகுமா?

நெறியாளர் (மாலை 6:50)

வீட்டு விளம்பரத்துக்குத் தனி இழை இருக்கிறது.

நைட் டியூட்டி (இரவு 7:20)

டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஒன்று. கதவு இருந்தாலும் நான் சேர மாட்டேன், சேரவும் முடியாது. எச்ஐவி இருப்பதை மனைவியிடம் இன்னும் சொல்லாதவர், கரு கலைத்ததை வீட்டில் மறைத்தவர் என்று எத்தனையோ பேரின் விஷயம் என் தலையில் இருக்கிறது. நான் உள்ளே போன நொடியில் அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் சம்மதம் எனக்கு. அவர்கள் சம்மதத்தை யார் வாங்குவது? மூன்று மாதம் கழித்து நான் வெளியே வரலாம், அவர்கள் ரகசியம் வெளியே வராது.

கூட்டுப்புழு (இரவு 7:41)

அப்படியானால் என்னிடம் எப்போதோ ஒரு ரகசியம் சொன்ன ஒவ்வொருவருக்கும் என் மேல் வீட்டோ, அதாவது தடுக்கும் உரிமை, இருக்கிறது. பழைய காதலி, ரூம்மேட், போன மாதம் ஷேர் ஆட்டோவில் அழுத அந்நியர் உட்பட. யாருமே எந்தக் காலத்திலும் சேர முடியாது. இதுதான் தனிமனித சுதந்திரமா?

நைட் டியூட்டி (இரவு 7:44)

ஆமாம், வீட்டோ இருக்கிறது. அந்த ஆட்டோக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வா தம்பி, அழுதவர் எங்கே இறங்கினார் என்று.

சரோஜினிநகர் கிழவன் (இரவு 8:15)

என் மனைவி தன் வீட்டோவை இப்போதே பதிவு செய்யச் சொல்கிறாள்.

முனிர்க்காவாசி (இரவு 8:30)

அடுத்த சனிக்கிழமை ஆர்தர் சி. கிளார்க்கின் 1953ஆம் வருஷத்து நாவல், ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’. அதில் கூட்டு மனத்துக்குப் போவது குழந்தைகள். பெற்றோர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. நர்ஸ் அக்காவுக்கு அன்று டியூட்டி இல்லை என்றால் மாலை 5 மணி, அதே டீக்கடை. கூட்டுப்புழு, மெட்ரோவின் கடைசி வண்டியைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.