புதுப்பிப்பு: கம்பூட்ஸும் சேற்றுப்புண்ணும்

கம்பத்திலிருந்து ஜீப்பில் குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன், கம்பூட்ஸ் போட்டும் விரலிடுக்கில் சேற்றுப்புண் என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? தப்பு பூட்ஸில் இல்லை, பருத்தி சாக்ஸில். ரப்பருக்குள் வேர்வை வெளியேற வழியில்லை. பருத்தி அதைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். இப்போது கம்பளி கலந்த சாக்ஸ். மதியச் சோற்றுக்கு உட்காரும்போது இன்னொரு ஜோடி மாற்றுகிறேன். கழற்றியதைப் பிழிந்தால் சொட்டுகிறது, இத்தனைக்கும் மழைத்தண்ணீர் உள்ளே போகவே இல்லை!

ராத்திரி பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பேன். காலையில் நமத்துப்போய் வரும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, தடித்த சாக்ஸுக்கு அது வேண்டியிருந்தது. டாக்டர் கொடுத்த பூஞ்சைக் களிம்பில் புண் ஆறிவிட்டது, சுண்டுவிரல் பக்கம் மட்டும் கொஞ்சம் அரிக்கிறது. அப்புறம், அட்டைக்கடி? அது தனிக் கதை.